செவனம்மா வாங்கிய இருபத்துநாலு மார்க்

கருப்பம்மாள் நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். குன்னூருக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் அவள் கைக்கு ஈடான கை இல்லை என்று எத்தனையோ மேஸ்திரிகள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதோடு சரி, யாரும் அதற்காக ஒன்றும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அவளுக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அவள் பெருமைப்பட்டுக்கொண்டது வேறொன்றுக்கு. அவள் வேலையில் இருந்தவரை அவளுக்குப் பக்கத்து நிரையில், அதாவது அடுத்த செடி வரிசையில், நின்ற எவளுக்கும் எடை குறைந்ததில்லை.

அது எப்படி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். கொழுந்து எடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. குறைந்தால் அரைப்பேர் விழும், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குறையும், காய்ச்சலோடு வந்தவளுக்குக் குறையும், வீட்டில் அடிவாங்கிவிட்டு வந்தவளுக்கும் குறையும். அப்படிப்பட்டவளின் கூடையில், நிறுவைக்கு நடந்து போகிற வழியிலேயே, பக்கத்தில் வருகிறவள் தன் கூடையிலிருந்து நாலு பிடி அள்ளிப் போட்டுவிடுவாள். மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். போட்டவள் அதைப் பிறகு சொல்லிக்காட்டுவதில்லை, வாங்கியவள் வாயைத் திறப்பதில்லை. அதைப் பொய் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

கருப்பம்மாளின் கொழுந்து அதிகமாகப் போய்ச் சேர்ந்தது அவளுடைய மதினி செவனம்மாவின் கூடைக்குத்தான். கருப்பம்மாள் பதினைந்து வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்துவிட்டு, அப்பா அம்மா அண்ணனோடு மலையேறினாள். இரண்டு வருஷம் கழித்து அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தாள் செவனம்மா. அவளும் கப்பலில் வந்த குடும்பம்தான். நல்ல பேச்சுக்காரி. வாய் ஓடும்போது கை நின்றுவிடும், வாயோ நிற்பதே இல்லை, ஆகவே கூடை எப்போதும் முக்கால்தான். பக்கத்து நிரையில் நின்று சிரித்துச் சிரித்துக் கேட்ட குற்றத்துக்குக் கருப்பம்மாள் தினமும் நாலு பிடி அபராதம் கட்டினாள்.

கருப்பம்மாளின் புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. அன்று முதல் ஒரு வருஷம் செவனம்மா அவளைத் தனியாகப் படுக்கவிடவில்லை. தன் வீட்டை விட்டுவிட்டு இந்த வீட்டில் வந்து, அவளுக்கும் அவளுடைய சின்ன மகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். அண்ணன் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கருப்பம்மாளுக்கு இந்த உலகத்தில் பெற்ற தாயை விட மதினிமேல்தான் உயிர் என்றால் அதில் மிகையில்லை.

இப்போது இருவருமே வேலையிலிருந்து நின்றுவிட்டவர்கள். கருப்பம்மாளுக்கு அறுபத்தேழு, செவனம்மாவுக்கு அறுபத்தொன்பது. கருப்பம்மாளின் மகள் திருப்பூரில் இருக்கிறாள். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஃபேக்டரியில் வேலை செய்யும் மகன் சிவகுருவோடும் மருமகள் காயத்ரியோடும் செவனம்மா அடுத்த வீட்டில் இருக்கிறாள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் தெரியும்.

செவனம்மாவின் பேச்சில்தான் முதலில் கோளாறு வந்தது. சொன்ன கதையையே பத்து நிமிஷத்தில் மறுபடி ஆரம்பித்தாள். கருப்பம்மாள் புதிதாகக் கேட்பது போல் ‘உம்’ கொட்டினாள். பிறகு குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. மகன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கருப்பம்மாள் தன் வீட்டுக் குழம்பை அந்தச் சட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள். ஒருநாள் கடைக்குப் போன செவனம்மா தேயிலைக்குள் இறங்கி, அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அசாம் பெண்களோடு போய் நின்று கிள்ள ஆரம்பித்துவிட்டாள். அவர்களுக்கு இவள் பாஷை புரியவில்லை, இவளுக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. கருப்பம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். காலாற நடந்துவிட்டு வந்தோம் என்று காயத்ரியிடம் சொன்னாள்.

இதையெல்லாம் எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால் கீழ் லைனில் ஒரு பெரியவருக்குப் புத்தி பிசகியபோது, அவர் மகன்கள் ‘ஆஸ்பத்திரிக்கு’ என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஹோமில் இருக்கிறார் என்றார்கள், அப்புறம் பேச்சே இல்லை. அடுத்த பொங்கலுக்கு அவருடைய கம்பளிக்கோட்டை வேறு யாரோ போட்டிருந்தார்கள். போதாததற்குச் சிவகுருவும் ஒரு நாள் எரிச்சலில், இப்படியே போனால் அம்மாவையும் கீழே எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டான். சொன்னவன் டீ குடித்து முடிக்குமுன் அதை மறந்திருப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மதினி போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவளுடைய பயத்தில் பாதி சுயநலம். அதைச் சொல்லாமல் விட்டால் அவளை நான் தெய்வமாக்கிவிட்டேன் என்று ஆகிவிடும்.

மாசி மாதம் முகாம் வந்தது. குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்வேதா என்ற பெண், கையில் ஃபைலும் தோளில் பையுமாக ஜீப்பில் வந்திறங்கினாள். அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் ஞாபக சக்தியைச் சோதிக்கப் போவதாகச் சொன்னாள். மருந்தில்லை, ஊசியில்லை, கேள்விதான். முப்பதுக்கு மார்க். கொழுந்து எடுப்பவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே பதினாலு பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

முப்பதுக்கு மார்க் என்றதுமே கருப்பம்மாள் மதினியைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது என்றால் நிறுவை. குறைந்தால் பேர் போய்விடும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் யாரும் ஒரு மனுஷியை எடைபோட்டுவிட்டு, குறைகிறதே, பாவம், இதற்கு உதவி செய்வோம் என்று சொன்னதில்லை.

அவள் செவனம்மாவை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டுத் தான் முதலில் போனாள். இன்று என்ன கிழமை, என்ன மாதம், நாம் எங்கே இருக்கிறோம் என்று அந்தப் பெண் கேட்டாள். கம்பளி, பால், கதவு, குடை, யானை என்று ஐந்து சொல்லைச் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்ல முடியும் என்று பார்த்தாள். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். கடைசியில் அந்த ஐந்து சொல்லையும் திரும்பக் கேட்டாள். கருப்பம்மாள் இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நேராக வரிசையின் கடைசிக்குப் போனாள். நடுவில் இருந்த பன்னிரண்டு பேர் முடிவதற்குள் அந்த ஐந்து சொல்லையும் மதினியின் தலைக்குள் ஏற்றப் பார்த்தாள். ஒரு காதில் ஏற்றினால் மறு காதில் வழிந்தது. வரிசையில் நின்ற மற்றவர்களுக்குத்தான் மனப்பாடமாகிவிட்டது. அன்றைக்கு அவர்களில் ஒருவரும் இருபத்தைந்துக்குக் குறையவில்லை.

செவனம்மாவின் முறை வந்தபோது கருப்பம்மாளும் கூடவே உள்ளே போய், மதினிக்குக் காது மந்தம், பக்கத்தில் இருந்து நான் உரக்கச் சொன்னால்தான் விளங்கும் என்றாள். ஸ்வேதாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, கீழே ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சரி, உட்காருங்கள் என்றாள்.

அதன்பிறகு நடந்தது பரீட்சை அல்ல, பழைய நிரை வேலை. கிழமை என்ன என்று கேட்டால், “இன்னிக்கி என்னா கெழமைன்னு கேக்குறாங்க மதினி, நேத்துதானே செவ்வாக்கெழமை விளக்கு வச்சோம்” என்று கருப்பம்மாள் காதில் கத்தினாள். மிருகத்தின் பெயர் என்றால், லைனுக்குள் வருகிற காட்டெருமை, கரடி, குரங்கு மாதிரி சொல்லச் சொல்கிறார்கள் என்றாள். ஐந்து சொல்லைத் திரும்பக் கேட்டபோது தன் கம்பளிப் போர்வையைச் சரிசெய்துகொண்டாள், கதவைத் திரும்பிப் பார்த்தாள், குடையைக் கீழே போட்டு எடுத்தாள். பால் என்று செவனம்மா தானாகவே சொன்னாள். யானைக்கு மட்டும் கருப்பம்மாளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருபத்துநாலு. நினைவாற்றல் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, காதை மட்டும் ஒருமுறை காட்டவும் என்று ஸ்வேதா எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகாத இருவரும் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் காப்பி குடித்தார்கள். கருப்பம்மாளுக்கு அன்று பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் சிவகுரு. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அதுவரை அவன், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, ஊட்டியில் பெரிய டாக்டரிடம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் பொறுமையாக இருக்கும்படி சொல்லிக்கொண்டும் இருந்தான். இப்போது மூளையில் கோளாறு இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது. கோளாறு இல்லாதவள் பாலை மூன்று தடவை பொங்கவிட்டால் அது திமிர். மருமகளின் கொலுசைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டால் அது வயிற்றெரிச்சல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வெளியே நின்று பக்கத்து வீட்டாரிடம் எனக்குச் சோறே போடவில்லை என்று சொன்னால் அது மானத்தை வாங்கும் வேலை. காயத்ரி கெட்டவள் அல்ல. நாள் முழுவதும் ஒரு பெரிய மனுஷி தன்னை வேண்டுமென்றே வதைக்கிறாள் என்று நம்பினால் யார்தான் நல்லவளாக இருக்க முடியும்? காது மந்தம் என்று வேறு எழுதியிருந்ததால் இருவரும் எதையும் கத்தியே சொன்னார்கள். நன்றாகக் காது கேட்கிற செவனம்மா, இவர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் சத்தம் போடுகிறார்கள் என்று நடுங்கினாள்.

கருப்பம்மாள் எல்லாவற்றையும் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். சொன்னால் வேன் வரும் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு பிடி போட்ட பிறகு அதைக் கூடையிலிருந்து திருப்பி எடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, அது இன்னொரு பக்கம். அவளை இதற்காக நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அவளும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதம் சாரல் விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்த சிவகுரு கதவைத் திறந்தபோது வீடு முழுவதும் கேஸ் நாற்றம். காயத்ரி கடைக்குப் போயிருந்தாள். செவனம்மா அடுப்பின் பக்கத்திலேயே முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவன் ஓடிப்போய் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, யார் திறந்தது என்று கேட்டான். நான் தொடவே இல்லை என்றாள். மறுபடி கேட்டான். நான் தொடவே இல்லை, யாரோ வந்தார்கள் என்றாள்.

“மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு பேப்பர்லயே போட்டிருக்குதுங்கம்மா. எங்கள உசுரோட கொளுத்தறதுக்குன்னே பண்றீங்களா?”

அதன் பிறகு ஒரு சத்தம் கேட்டது. கன்னத்தில் விழுகிற அடியின் சத்தம் வேறு எந்தச் சத்தம் மாதிரியும் இருக்காது. கருப்பம்மாள் கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடித்தவனும் அதிர்ந்துதான் போயிருப்பான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் குன்னூருக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து ஸ்வேதாவைப் பார்த்தாள். முதலில் ஸ்வேதாவுக்கு இவள் யாரென்றே ஞாபகமில்லை. காது கேட்காத அம்மாவோடு வந்தவள் என்றதும் நினைவுக்கு வந்தது. கருப்பம்மாள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். போர்வையைச் சொன்னாள், குடையைச் சொன்னாள், அடியையும் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அந்தப் பெண்ணோ, அன்றைக்கு உங்களை வெளியே அனுப்பாதது என் தப்பு என்றாள். பிறகு சொன்னாள், மார்க் குறைந்தால் யாரையும் எங்கேயும் கொண்டுபோக மாட்டோம், வீட்டில் இருப்பவர்களுக்கு இது வியாதி என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம். அந்த வார்த்தையை அவள் ஐந்து மாதத்துக்கு முன்பே பிள்ளைமடுவத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். வரிசையின் முன்னால் போவதற்கு இடித்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் மட்டும் கேட்கவில்லை.

சிவகுருவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் ஃபேக்டரி கேட்டை விட்டு வெளியே வரும்வரை மழையில் நின்றாள்.

“அந்த மார்க்கு உங்கம்மா வாங்குனதில்லய்யா. நான் வாங்குனது.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபப்படவும் இல்லை. எதற்கு அத்தை என்று மட்டும் கேட்டான். நீ அன்றைக்குச் சொன்ன மாதிரி அம்மாவைக் கீழே கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டுவிடுவாய் என்று பயந்தேன் என்றாள். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டான், உண்மையிலேயே அவனுக்கு ஞாபகமில்லை. மறுநாள் லீவு போட்டு அம்மாவைக் குன்னூருக்குக் கூட்டிப்போனான்.

இந்த முறை கருப்பம்மாளை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவு பழைய கதவு, கேள்விகள் எல்லாம் வெளியே கேட்டன. எந்த மாதம் என்று ஸ்வேதா கேட்டாள். பதில் இல்லை. எந்த ஊர் என்று கேட்டாள். ஹட்டன் என்றாள் செவனம்மா, சிலோனில் விட்டுவந்த ஊர். வேறு ஐந்து சொற்கள் சொன்னார்கள், சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். அந்த ஐந்தும் கருப்பம்மாளுக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் செவனம்மா ரொம்ப மரியாதையாக, “பக்கத்து நிரையில கருப்பம்மா இருக்கும், அதக் கேளுங்க அம்மா” என்று சொன்னது கேட்டது. கருப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எட்டு மார்க். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம் என்று ரத்தம் எடுத்தார்கள், மண்டையை ஸ்கேன் பண்ண எழுதினார்கள். பத்து நாள் கழித்துப் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது மறதி நோய், டிமென்ஷியா என்பார்கள் என்றார். குணமாகாது, மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கப் பார்க்கலாம். எதையும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆகவே திட்டாதீர்கள், கத்தாதீர்கள். கேஸ் அடுப்புக்கு ஒரு பூட்டு வையுங்கள். காயத்ரி குனிந்துகொண்டே கேட்டாள். சிவகுரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், இப்போது நடப்பதெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்குமா என்று. பழையது நிற்கும், புதிதாக நடப்பது பெரும்பாலும் தங்காது என்றார் டாக்டர். அவன் மூச்சு விட்டதைக் கருப்பம்மாள் பார்த்தாள். எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது மதியம். காயத்ரி, யாரும் சொல்லாமலே, மாமியாரின் பாதத்தைத் துடைத்து வெந்நீர்ப் பையை வைத்தாள். செவனம்மா கட்டிலில் உட்கார்ந்து, பஸ் பயணம் நன்றாக இருந்தது என்று மூன்று தடவை சொன்னாள். சிவகுரு வாசல்படியில் கருப்பம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாற்பத்திரண்டு வயது ஆம்பளை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விரலைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“அன்னிக்கு நான் கைய நீட்டிப்போட்டனுங்க அத்தை. அது அவங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்கள்ல?”

இருக்காது என்று சொல்லிவிடக் கருப்பம்மாள் வாயெடுத்தாள். டாக்டரே சொன்னதுதானே. அதற்குள் காயத்ரி, உங்கள் அம்மாவுக்குக் குளிர்கிறது, மேலே இருக்கும் போர்வையை எடுத்துக் கொடுங்கள் என்று உள்ளிருந்து கூப்பிட்டாள். அவன் எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பரணிலிருந்து போர்வையை எடுக்கக் கையை மேலே தூக்கினான்.

செவனம்மா இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள். “நான் தொடல அய்யா, நான் தொடல” என்றாள்.

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். கருப்பம்மாள் வாசல்படியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தாள். அந்த அடியில் பாதி தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது, அதை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது என்றும் தெரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய், அவனை நகரச் சொல்லிவிட்டு, மதினியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.